ரொட்டி வண்டியில் ஏறிய ஆறு சுருள்கள்

ஃபிலடெல்ஃபியாவுக்கு வடக்கே, கிங்ஸ்டனில் எங்கள் யூத ஜெபாலயத்து இளைஞர் குழு என்று சொன்னால், 1972 வசந்தம்வரை பெரியவர்களுக்கு நினைவுக்கு வந்தது ஒரே ஒரு விஷயம்தான்: எரிந்துபோன சோபா. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஹனுக்கா பண்டிகையின்போது, யாரோ ஒருவன் மெழுகுவர்த்தியைச் சோபாவின் கைப்பிடியில் வைத்துவிட்டு நடனமாடப் போய்விட்டான். தீ சோபாவோடு நின்றுவிட்டது. பேச்சு நிற்கவில்லை.

குழுவைத் தொடங்கியவர்கள் எங்கள் பெற்றோர்கள்தான், 1951இல். நோக்கத்தை யாரும் மறைக்கவில்லை. நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு பழக வேண்டும், பிற்பாடு அவர்களையே கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். அதற்காகக் கீழ்த்தளத்தில் ஓர் அறை, ஒரு பிங்பாங் மேசை, ஓர் இசைத்தட்டுப் பெட்டி. இருபத்தொரு வருஷத்தில் அந்த அறையிலிருந்து நான்கு கல்யாணங்கள் நடந்தன. அதில் ஒன்று முறிந்தும் போனது.

நான் சேர்ந்தபோது நாற்பது பேர் இருந்தோம். 1972இல் ஒன்பது பேர். நான் செயலாளர், என் வீட்டில் தட்டச்சு இயந்திரம் இருந்ததைத் தவிர வேறு தகுதி எனக்கு இல்லை. தலைவி ரோஸ் செல்னிக். பதினேழு வயது, ஆறடிக்கு இரண்டு அங்குலம் குறைவு, முன்பற்களுக்கு நடுவே இடைவெளி, யாரிடமும் குரலைத் தாழ்த்தத் தெரியாத தொண்டை. அவள் அப்பாவுக்கு ரொட்டிக் கடை. பள்ளிக்கூடம் போகுமுன் கடை வண்டியை ஓட்டிக்கொண்டு ஊரெல்லாம் ரொட்டி போட்டுவிட்டு வருவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஈஸ்ட் வாசனை வரும்.

அந்த ஏப்ரலில் நிர்வாகக் குழு கூடியது. தலைவர் கட்டர்மேன், செருப்புக் கடைக்காரர், கீழ்த்தள அறையை ஆண்கள் சங்கத்துக்குச் சீட்டாடக் கொடுத்துவிடலாம் என்றார். ரோஸ் எழுந்து நின்றாள்.

"கட்டர்மேன் சார், நாங்க ஒம்பது பேர் இருக்கோம். சீட்டாடறது எத்தனை பேரு?"

"ஏழு பேர்."

"அப்ப நாங்கதான் ஜாஸ்தி."

"அவங்க சோபாவைக் கொளுத்த மாட்டாங்கம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸும் சிரித்தாள், ஆனால் உட்காரவில்லை. கடைசியில் செப்டம்பர்வரை தவணை கிடைத்தது. அதற்குள் இருபது பேரைச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமைதான் எங்கள் ஓய்வுநாள், வருஷத்தில் அப்படி ஒன்று இளைஞர்களுடையது. அன்று வழிபாட்டை நாங்களே நடத்துவோம். அந்த வருஷம் அது ஜூன் 24, சனிக்கிழமை. தோராச் சுருளை, தோலில் கையால் எழுதிய எங்கள் வேதத்தை, வாசிக்க வேண்டியவன் ஷெல்டன் ப்ரூக். சுருளில் உயிரெழுத்துக் குறிகள் இருக்காது, இசைக் குறிகளும் இருக்காது. எல்லாவற்றையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு பாடியாக வேண்டும். ஷெல்டனுக்கு நல்ல குரல், ஓட்டை ஞாபகம். அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது ரோஸ். முந்தின வருஷம் அவளே வாசிக்கிறேன் என்று கேட்டிருந்தாள். எங்கள் ஜெபாலயத்தில் பெண்கள் சேர்ந்து பாடலாம், புத்தகம் விநியோகிக்கலாம். மேடையேறிச் சுருளை வாசிக்கும் வழக்கமில்லை என்று கட்டர்மேன் ஒரு வரியில் முடித்துவிட்டார். அதனால் அவள் வாசிக்காமல், வாசிக்கிறவனைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"திரும்ப ஆரம்பி."

"ஏழாவது தடவைடி இது."

"அப்ப எட்டாவது தடவை ஆரம்பி."

*

ஜூன் மூன்றாவது வாரம் ஆக்னஸ் புயலின் மழை விடாமல் பெய்தது. வெள்ளிக்கிழமை விடியும்போது அபாயச் சங்கு ஊதியது. சஸ்குவஹானா ஆற்றின் கரையை உயர்த்த ஆள் வேண்டும் என்று வானொலியில் சொன்னார்கள். ரோஸ் அப்போது ஓய்வுநாளுக்கான பின்னல் ரொட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். நூற்றுநாற்பது ரொட்டிகள். அவற்றோடே வந்து எங்களை வீடு வீடாக ஏற்றிக்கொண்டாள். அவளும் நானும் ஷெல்டனும் கெஸ்லர் வீட்டு இரட்டையர்களும்.

ஊரே கரையில் நின்றது. மணல் மூட்டைகள் கைமாறிக் கைமாறிப் போயின. கழுத்துப்பட்டியை அவிழ்க்காமலே கட்டர்மேனும் ஒரு வரிசையில் நின்றார். ஆற்றை நான் அதற்குமுன் அத்தனை உயரத்தில் பார்த்ததில்லை. அது சத்தம் போடவில்லை. முழு மரங்களையும் ஒரு கோழிக்கூண்டையும் சுமந்துகொண்டு நிதானமாகப் போனது. பதினொன்றே காலுக்கு ஒருவர் ஒலிபெருக்கியோடு ஓடிவந்தார். கரை நிற்காது, எல்லோரும் மேட்டுக்கு ஓடுங்கள் என்றார்.

"வண்டியில ஏறுங்க," என்றாள் ரோஸ்.

"வீட்டுக்குத்தானே?" என்று ஷெல்டன் கேட்டான்.

"ஜெபாலயத்துக்கு."

"உனக்கென்ன பைத்தியமா? அது ஆத்துலேர்ந்து ஆறு தெருதான்."

"அதனாலதான் போறோம். இறங்கணும்னா இப்பவே இறங்கு."

அவன் இறங்கவில்லை. இரட்டையர்கள் பின்னால் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே ஒட்டிக்கொண்டார்கள்.

ஜெபாலயத்தின் வாசற்படியில் காவலாளி ஃபிஷ்பைன் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபத்தெட்டு வயது, பழுதான இடுப்பு. நிர்வாகிகள் மூவருக்கு ஃபோன் செய்து பார்த்திருக்கிறார், யாரும் எடுக்கவில்லை. எல்லோரும் கரையில் இருந்தார்கள். எங்கள் மதகுரு ரபி லிக்ட்மன் மருத்துவமனையில் நோயாளிகளை வண்டியேற்றிக்கொண்டிருந்தார்.

"நீங்க மட்டும் ஏன் சார் இங்கே உக்காந்திருக்கீங்க?" என்றாள் ரோஸ்.

"நான் எங்கே போக? என்னால ஒண்ணுதான் தூக்க முடியும். எதைத் தூக்கறதுன்னு யோசிச்சிட்டிருந்தேன்."

உள்ளே போனோம். அவர் பேழையின் திரையை விலக்கிக் கதவைத் திறந்தார். வெல்வெட் உறை போர்த்திய ஆறு சுருள்கள் நின்றன. பெண்கள் தொடும் வழக்கமில்லாததால், பிறந்ததிலிருந்து நான் அவற்றைத் தூரத்தில் நின்றுதான் பார்த்திருக்கிறேன். என் கால் நகரவில்லை. ஃபிஷ்பைன் என்னைப் பார்த்தார், ரோஸைப் பார்த்தார்.

"எனக்குக் கண்ணு சரியில்லை. ஊருக்கே தெரியும்," என்றார். "யாரு தூக்கறது பையன், யாரு பொண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சீக்கிரம்."

முதல் சுருள் என் கைக்கு வந்தது. ஆறு வயதுக் குழந்தையைத் தூங்கும்போது தூக்கினால் எப்படிக் கனக்குமோ அப்படிக் கனத்தது. குழந்தையைப்போலவே தோளில் சாய்த்துக்கொண்டேன். இரட்டையர்கள் சில தட்டுகளிலிருந்த ரொட்டிகளை எடுத்து முன்னிருக்கையில் அடுக்கினார்கள். காலியான தட்டுகளில் மாவுத் துணியை விரித்துச் சுருள்களைக் கிடத்தினோம். ஷெல்டன் சுருள்களுக்குச் சூட்டும் வெள்ளிக் கிரீடங்களை அள்ளப் போனான்.

"வெள்ளியை விடு. அதை அப்புறம் கழுவிக்கலாம்," என்றாள் ரோஸ்.

ஆறும் ஏறிவிட்டன. ஏழாவது ஒன்று இருந்தது. எழுபது வருஷத்துக்கு முன்னால் லிதுவேனியாவிலிருந்து எங்கள் முன்னோர்கள் கொண்டுவந்த சிறிய சுருள். எழுத்து உதிர்ந்ததால், நியூயார்க்கிலிருந்து எழுத்தர் வந்து சரிசெய்யும்வரை கீழ்த்தள அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்கள். ரோஸ் சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டு கீழே ஓடினாள். நான் படிக்கட்டின் பாதிவரை போனேன். தரையில் இருந்த சாக்கடை வாய் வழியாகப் பழுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. பிங்பாங் மட்டைகள் மிதந்தன. ரோஸுக்கு முழங்கால்வரை தண்ணீர். ஒவ்வொரு சாவியாகப் போட்டுப் பார்த்தாள். எதுவும் திரும்பவில்லை. கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். விளக்கு அணைந்தது.

"ரோஸ், வந்துடுடி," என்று கத்தினேன்.

"இன்னும் ஒரு சாவி இருக்கு."

ஃபிஷ்பைன் என்னைத் தள்ளிக்கொண்டு இறங்கினார். அந்த இடுப்போடு அவர் எப்படி இறங்கினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுடைய சட்டைக் காலரைப் பிடித்தார்.

"சுருள் போனா மண்ணுல புதைச்சு அழலாம். உன்னைப் புதைக்க எனக்குத் தெம்பில்லை. ஏறு, கழுதை."

அவள் ஏறினாள். முகம் முழுக்கச் சேறு, கண்ணீர் எது தண்ணீர் எது என்று தெரியவில்லை. வண்டியைக் கிளப்பியபோது தெருவின் அந்த முனையில் தண்ணீர் மூலை திரும்பி வந்துகொண்டிருந்தது, யாரையோ தேடி வருவதுபோல.

*

மலைமேல் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. ஊரின் பாதிப்பேர் அங்கே போனார்கள். நாங்களும் போனோம். வாசலில் சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் கையில் பட்டியலோடு நின்றார். குள்ளமான, வேகமான பெண்மணி.

"என்ன கொண்டு வந்திருக்கீங்க?"

"ரொட்டியும் வேதமும், சிஸ்டர்," என்றாள் ரோஸ்.

அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "ரொட்டி சமையலறைக்குப் போகட்டும். மத்ததை எங்கே வைக்கணும்?"

"தரையில மட்டும் வைக்கக் கூடாது."

நூலகத்தின் நீண்ட மேசையைத் துடைக்கச் சொன்னார். சுருள்களை வைத்து முடித்ததும் கதவைப் பூட்டிச் சாவியை ஃபிஷ்பைன் கையில் கொடுத்தார். "இனிமே இது உங்க அறை. நானே வந்தாலும் உங்களைக் கேட்டுட்டுத்தான் வருவேன்."

எங்கள் பின்னல் ரொட்டியை அன்று மாலை நானூறு பேர் சாப்பிட்டார்கள். ஓய்வுநாளை வரவேற்க ஏற்றும் மெழுகுவர்த்தியைச் சிஸ்டரே கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் காலை உடற்பயிற்சிக் கூடத்தின் ஒரு மூலையில் வழிபாடு. எங்கள் ஆட்கள் அறுபது பேர் இருந்தோம். ரபி ராணுவ லாரியில் வந்துசேர்ந்தார். கண்ணாடி வெள்ளத்தோடு போய்விட்டது. வழக்கமாக வாசிக்கிறவர் ஸ்க்ரான்டனில் சிக்கியிருந்தார். கட்டர்மேன் பள்ளிக்கூடக் காவல்காரரின் கால்சட்டையை இரவல் வாங்கி அணிந்திருந்தார். அது கணுக்காலுக்கு மேலேயே நின்றது. அவர் கடை கூரைவரை முழுகியதை ஒரு படகுக்காரன் பார்த்து வந்து சொல்லியிருந்தான்.

"இன்னிக்கு இளைஞர்களோட நாள்," என்றார் ரபி. "ஷெல்டன், வாப்பா."

ஷெல்டன் எழுந்தான். வெளிறிப்போயிருந்தான்.

"ரபி, நேத்துலேர்ந்து எனக்கு ஒரு வரிகூட ஞாபகத்துல நிக்கலை. நான் தெரிஞ்சுக்கிட்டதெல்லாம் ரோஸ் சொல்லிக்கொடுத்தது. அவளுக்கு முழுசும் தெரியும். அவ வாசிக்கட்டும்."

கூடத்தின் அந்தப் பக்கம் குழந்தைகள் பந்து விளையாடும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோரும் கட்டர்மேனைப் பார்த்தார்கள். ரபியும், கண்ணாடி இல்லாமல், ஏறக்குறைய அவர் இருந்த திசையைப் பார்த்தார்.

"ஜெபாலயத்துல அந்த வழக்கம் இல்லை," என்றார் கட்டர்மேன். மேலே தொங்கிய கூடைப்பந்து வளையத்தை அண்ணாந்து பார்த்தார். "ஆனா இது ஜெபாலயம் இல்லையே."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. முந்தின நாள் காலைக்குப் பிறகு நாங்கள் சிரித்தது அப்போதுதான்.

ரோஸ் கன்னியாஸ்திரீகள் கொடுத்த பள்ளிப் பாவாடையோடு மேசை முன் நின்றாள். அதுவரை யாரும் அவள் குரலை அத்தனை மெல்லியதாகக் கேட்டதில்லை. முதல் சில வரிகளுக்கு ஃபிஷ்பைன் காதில் கைவைத்துக் கேட்க வேண்டியிருந்தது. அப்புறம் அவள் குரல் அவளுக்குத் திரும்பி வந்தது. பந்து விளையாடிய குழந்தைகள் நின்றுவிட்டார்கள். சமையலறையிலிருந்து இரண்டு பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சுவரோரம் நின்றார்கள்.

வாசித்து முடித்ததும் ஷெல்டன் என் காதில், "இந்த வாரப் பகுதி எதைப் பத்தின்னு தெரியுமா? பாலைவனத்துல தண்ணி இல்லைன்னு ஜனங்க சண்டை போடறது," என்றான்.

"இன்னிக்கு வேண்டாம்டா," என்றேன்.

*

ஒன்பது நாள் கழித்து ஊருக்குள் விட்டார்கள். வழிபாட்டுக் கூடத்தில் தண்ணீர் ஒன்பதடி நின்றிருந்தது. பெஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. இரண்டாயிரம் புத்தகங்கள் ஊறி, வீங்கி, சேற்றோடு சேறாகியிருந்தன. எண்ணெயும் சாக்கடையும் கலந்த அந்த நாற்றம் எத்தனை தடவை குளித்தாலும் தலைமுடியில் இருந்தது.

ரோஸ் நேரே கீழ்த்தளத்துக்குப் போனாள். பின்னாலேயே கட்டர்மேன் கடப்பாரையோடு வந்தார். அலமாரிக் கதவை நெம்பினார். நான்காவது நெம்பலில் திறந்தது. சிறிய சுருள் உள்ளே இருந்தது, இரண்டு மடங்கு பருத்து. தோலிலிருந்து எழுத்தெல்லாம் கரைந்து, உறையின் ஓரத்தில் மை மட்டும் கசிந்திருந்தது.

"இதோட சாவி என் கடை மேசையில இருந்தது," என்றார் அவர். "எழுத்தர் வந்தா நானே திறந்து குடுக்கணும்னு எடுத்து வச்சிருந்தேன்."

"தெரியும் சார்."

"யாரு சொன்னா?"

"ஃபிஷ்பைன் சார் அப்புறம் ஞாபகம் வந்து சொன்னாரு. அவரு வேற யார்கிட்டயும் சொல்லலை. நானும் சொல்லலை."

அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, ஈரச் சுருளை இரண்டு கையாலும் ஏந்தி வெளியே எடுத்தார்.

அன்று மாலை ரோஸ் என்னிடம் வந்தாள். "உன் தட்டச்சு இயந்திரம்?"

"முழுகிப்போச்சு."

"சிஸ்டர்கிட்ட ஒண்ணு இருக்கு. நாட்டுல எத்தனை ஜெபாலயத்துல இளைஞர் குழு இருக்கோ அத்தனைக்கும் எழுது. மண்வெட்டியோட வரணும்னு எழுது. நடனம் கிடையாதுன்னும் எழுது."

அறுபத்தோரு கடிதம் அடித்தேன். பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். ஜூலை இரண்டாம் வாரத்தில் ஸ்க்ரான்டனிலிருந்து ஒரு பேருந்து வந்தது. அதன்பின் ஆலன்டவுன், ஃபிலடெல்ஃபியா. கிளீவ்லாந்திலிருந்து மூன்று பெண்கள் வழியில் போன வண்டிகளில் தொற்றிக்கொண்டே வந்துசேர்ந்தார்கள். அந்தக் கோடையில் மொத்தம் எண்பத்து மூன்று பேர். தடுப்பூசி போட்டுக்கொண்டு, கன்னியாஸ்திரீகளின் கூடத்தில் படுத்து எழுந்து, காலை ஏழு மணிக்கு வரிசையில் நிற்பார்கள். ரோஸ் வேலை பிரிப்பாள். ஆட்கள் பெருகியதும் எங்கள் கட்டடத்தோடு நிற்கவில்லை. அந்தத் தெருவின் வீடுகள், பக்கத்துப் போலந்துக்காரர்களின் தேவாலயத்துப் பெஞ்சுகள், கட்டர்மேனின் கடை, எல்லாவற்றிலும் இறங்கினோம். அவர் கடையிலிருந்து நாங்கள் வாரிக்கொட்டிய செருப்புகளில் ஒரு ஜோடிகூடத் தேறவில்லை.

செஞ்சிலுவைக்காரர்கள் மதியம் சாண்ட்விச் கொண்டுவந்தார்கள். எங்களுக்கு விலக்கான பன்றி இறைச்சி வைத்தது. பசியோடு எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"ரொட்டியை மட்டும் தின்னா பாவமா?" என்று ஒரு ஃபிலடெல்ஃபியாப் பையன் கேட்டான்.

"தின்னுட்டு வந்து கேளு. இப்பக் கேட்டா வேண்டாம்னுதான் நான் சொல்லணும்," என்றார் ரபி.

இரண்டாம் நாளிலிருந்து சிஸ்டர் கான்ஸ்டன்ஸ் ஒரு வாளி நிறைய அவித்த முட்டையோடு வர ஆரம்பித்தார்.

நிர்வாகக் குழு அந்த அறையைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. அறையே இல்லை, சுவர் இடிந்துவிட்டது. ஆனால் அந்தச் சேற்றில் நின்ற பெரியவர்கள் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள். "அந்தப் பசங்க" என்ற பேச்சு போய்விட்டது. அதை நாங்கள் யாரும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் ஒருவர்கூட அதைக் கவனிக்கத் தவறவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகங்களையும் சுருளையும் அடக்கம் செய்தோம். கெட்டுப்போன வேதத்தை எறிய மாட்டோம், மனிதரைப்போல் புதைப்போம். புத்தகங்கள் எழுபது மரப்பெட்டிகளில் போயின. சுருளை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். ரோஸ் தானே சுமப்பதாகச் சொன்னாள். யாரும் மறுக்கவில்லை. ஆனால் அது இன்னும் காயவில்லை, அவள் பலத்துக்கு மீறிக் கனத்தது. கல்லறைத் தோட்ட வாசலிலிருந்து இருபதடி நடந்ததும் தடுமாறினாள். கட்டர்மேன் வரிசையிலிருந்து வந்து மறுமுனையைப் பிடித்தார்.

குழிக்குப் போகும் வழியில் அவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் நேர் பின்னால் நடந்தேன்.

"அன்னிக்கு எவ்வளவு தண்ணி இருந்தது?" என்று அவர் கேட்டார்.

"முழங்காலுக்கு மேல."

"பயமா இருந்ததா?"

"அப்ப இல்லை சார். இப்பத்தான் இருக்கு. கனவுல ஒவ்வொரு சாவியா போட்டுப் பாக்கறேன்."

"நானும்," என்றார் அவர். "எனக்கு மேசை இழுப்பறை வருது."

குழிக்குள் ஷெல்டனும் இரட்டையர்களும் இறங்கி நின்று சுருளை வாங்கிக்கொண்டார்கள். ரபி பிரார்த்தனையைத் தொடங்கினார். புதுக் கண்ணாடி அவருக்கு இன்னும் பழகவில்லை, அடிக்கடி மூக்கில் ஏற்றிக்கொண்டார். முதல் மண்ணை ஃபிஷ்பைன் போட்டார். அடுத்து மண்வெட்டியை ரோஸ் எடுத்தாள். மூன்று முறை போட்டுவிட்டு அதை அடுத்தவர் கையில் கொடுக்காமல் தரையில் நட்டாள், துக்கத்தைக் கைமாற்றக் கூடாது என்ற எங்கள் வழக்கப்படி. எண்பத்து மூன்று பேரில் மிச்சமிருந்தவர்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து போட்டார்கள். கிளீவ்லாந்துப் பெண்களுக்கு அந்தச் சுருளின் கதைகூடச் சரியாகத் தெரியாது. அவர்களும் அழுதார்கள்.

கல்லறைத் தோட்டத்தை விட்டு வெளியே வரும்போது கைகழுவ வேண்டும். ஊரில் குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. சாலையோரம் நின்ற ராணுவத் தண்ணீர் வண்டிக்காரர் குழாயைத் திறந்துவிட்டார். வரிசையில் நின்று கழுவினோம். ரோஸ் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எல்லோரையும் எண்ணினாள்.

"பேருந்து நாலு மணிக்குத்தான்," என்றாள். "ஜெபாலயத்து மேல்மாடித் தரை இன்னும் பாக்கி இருக்கு. யாரெல்லாம் வரீங்க?"

முதலில் கட்டர்மேன் நடந்தார். நாங்கள் அவர் பின்னால் போனோம்.